மலை வீட்டுக்கு எந்த பிரின்டர் கட்டுப்படியாகும்? இங்க் டேங்க், லேசர், ஜெராக்ஸ் கடை

கார்ட்ரிட்ஜ் பிரின்டரை முதலிலேயே தள்ளிவிடலாம். மிஷினை மலிவாகக் கொடுத்துவிட்டு கார்ட்ரிட்ஜில் கறந்துகொள்வார்கள்; சின்ன கார்ட்ரிட்ஜ் பலவற்றில் 200 பக்கம்கூடத் தேறாது.

மீதிப் போட்டி, பாட்டில் மையை ஊற்றி நிரப்பும் இங்க் டேங்குக்கும் லேசருக்கும்தான். பக்கக் கணக்கில் டேங்க் ஜெயிக்கும். எப்சன் 003 கறுப்பு பாட்டில் 65 மில்லி, கம்பெனிக் கணக்குப்படி 4,500 பக்கம். லேசரில் ஹெச்பி 12ஏ டோனருக்கு (மைக்குப் பதில் இருக்கும் தூள் டப்பா) 2,000 பக்கம், பிரதர் டிஎன்-2365க்கு 2,600, ஆனால் ஒரிஜினல் டோனர் விலை அந்த பாட்டிலைப் போலப் பல மடங்கு. கீழே மேட்டுப்பாளையத்தில் இருப்பவர் இதோடு முடிவெடுத்துவிடலாம், மேலே நீலகிரியில் இருக்கும் நம்மால் முடியாது.

காரணம் ஈரம். கூடலூர்ப் பக்கம் ஆடி மழை, குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி மழை, எப்படியும் பேப்பர் அப்பளம் மாதிரி நமத்துப்போகும். நமத்த தாள் லேசருக்குள் போனால் 200 டிகிரியை ஒட்டிய சூட்டில் இருக்கும் உருளையில் பட்டுச் சுருளும், சிக்கும், டோனர் சரியாகப் பிடிக்காமல் விரலோடு உதிர்ந்து வரும். டேங்கில் எழுத்தின் ஓரம் கொஞ்சம் கசியும், அவ்வளவுதான். ஆனால் அச்சடித்த பிறகு கதை தலைகீழ்: 003 தண்ணீரில் கரையும் டை வகை மை, ஹால் டிக்கெட்டோடு சாரலில் பஸ் ஏறினால் பதிவெண் கரைந்துவிடும், லேசர் எழுத்து உருகி ஒட்டிய பிளாஸ்டிக் தூள், நனைந்தாலும் நிற்கும். டேங்க்தான் வேண்டும் என்றால் கறுப்புக்கு அவ்வளவு எளிதில் கரையாத பிக்மென்ட் மை போடும் கேனான் ஜி வரிசையையோ ஹெச்பி ஸ்மார்ட் டேங்கையோ பாருங்கள். எதை வாங்கினாலும் ட்ரேயில் தாளைக் குவித்து வைக்காதீர்கள். ரீமை உறையோடு மூடி போட்ட டின்னில் வைத்து, வேண்டியதை மட்டும் எடுங்கள்.

அப்புறம் கரண்ட். மரம் விழுந்து லைன் அறுந்த நாளில் இன்வெர்ட்டரில் டேங்க் ஓடும், அதற்கு இருபது வாட்டுக்குள் போதும். லேசர் சில நூறு வாட் இழுக்கும், சின்ன இன்வெர்ட்டர் கத்திவிட்டு நின்றுவிடும்.

டேங்க் சும்மா கிடக்கக்கூடாது என்பதுதான் பலர் கவனிக்காத செலவு. பனிக்காலத்தில் காற்று வறண்டிருக்கும்போது மை வரும் நுண்துளையான நாசில் அடைக்கும், கிளீனிங் போடப் போட மை கழிவுப் பஞ்சுக்குப் போகும், 4,500 பக்கக் கணக்கெல்லாம் காற்றோடு போச்சு. வாரம் ஒரு கலர் பக்கமாவது அடியுங்கள். பிரின்டர் பட்டனிலேயே அணையுங்கள், சுவர் சுவிட்சில் அணைத்தால் மை தெளிக்கும் ஹெட் மூடியடியில் போய் நிற்காது. டோனருக்கு இந்த வம்பு இல்லை, ஆறு மாதம் கழித்துப் போட்டாலும் அடிக்கும்.

மாதம் பத்துப் பக்கம்கூட இல்லாதவர்கள் ஜெராக்ஸ் கடைக்கே போகலாம், வீடு எஸ்டேட்டுக்குள் இல்லாத வரை. உள்ளே இருந்தால் ஒரு தாளுக்காக பஸ் காத்திருந்து அரை நாள் போய்விடும். ஆதாரை அந்தக் கடை போனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் எனக்குப் பிடிக்கவில்லை, அனுப்பினால் நின்று அழிக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.

பிள்ளைகளுக்கு வாராவாரம் கலர் புராஜெக்ட் இருக்கும் வீட்டுக்கு டேங்க் சரி. விட்டு விட்டு அடிக்கிற வீட்டுக்கு என் ஓட்டு டூப்ளெக்ஸ் (தாளின் இருபுறமும் தானே அடிக்கும் வசதி) உள்ள கறுப்பு வெள்ளை லேசருக்கு, கலர் வேண்டும்போது மட்டும் கடை. டூப்ளெக்ஸில் பேப்பர் செலவு பாதியாகும், ஆனால் அடைமழை நாளில் ஒருபுறம் சூடேறிச் சுருண்ட தாள் மறுபுறத்துக்குத் திரும்பும்போதுதான் அதிகம் சிக்கும், அன்று மட்டும் ஒரு பக்கமாகவே அடியுங்கள்.