நீலப்பறவையரா, சாரணியரா: ஆசிரியை எதை ஏற்கலாம்?

பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் சிறுமியர் பிரிவொன்றை வழிநடத்த முன்வரும் ஆசிரியைகளுக்கு எழும் முதல் குழப்பம், பத்து வயதுக்கு உட்பட்ட நீலப்பறவையரா, அதற்கு மூத்த சாரணியரா என்பதே.

நேரம்: நீலப்பறவையருக்குக் கதை, பாட்டு, விளையாட்டு என வாரம் ஒரு மணி நேரம் பெரும்பாலும் போதும். சாரணியருக்கோ கூட்டம் முடிந்த பின்னும் அணித் தலைவியருடன் அமர்ந்து பேச வேண்டியிருக்கும்.

செலவு: முன்னதில் பெரும்பாலும் சீருடையோடு முடியும், பின்னதில் கூடாரம், கயிறு, முகாம் பயணம் என நீளும்.

பொறுப்பு: உண்மையான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. சின்னஞ்சிறு பிள்ளைக்கு ஸ்கார்ஃபைக்கூட நாமே சரிசெய்து விட வேண்டும். ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட சாரணியர் அணியோ தானே அடுப்பு மூட்டிச் சமைக்கும் என்பதால், சோறு குழைந்தாலும் குறுக்கிடாமல் நிற்க ஆசிரியை பழக வேண்டும். வகுப்பறையிலேயே ஊறியவர்களுக்கு இது எளிதன்று.

விருது: சிறியவர்களுக்குக் கோமள் பங்க் என்ற தகுதிப் படி முதல் கோல்டன் ஆரோ விருது வரை, மூத்தவர்களுக்குப் பிரதம சோபான் என்ற படி தொடங்கிக் குடியரசுத் தலைவர் விருது வரை. பின்னதில் பதிவேட்டு வேலை அதிகம்.

தொடக்கப் பள்ளி ஆசிரியைக்கும், விடுமுறை நாள்களை விட்டுத்தர இயலாதவருக்கும் நீலப்பறவையரே ஏற்றது. முகாமில் இரவு தங்க வீட்டுச் சூழல் இடம் தருமெனில் சாரணியரை ஏற்கலாம்.