"வைரஸ் போய்விட்டது" என்றவரை நம்பி மாத்திரையை நிறுத்தினேன்

ஐந்து ஆண்டுகளாக எச்ஐவியைக் கட்டுக்குள் வைக்கும் ஏஆர்டி மாத்திரை சாப்பிட்டு வந்தேன். தினமும் இரவில் ஒன்று. உடம்பில் ஒரு குறையும் இல்லை. அப்படியிருந்தும் ஏமாந்தேன்.

ஆறு மாதத்தில் எச்ஐவியை வேரோடு நீக்குவதாக ஒருவர் சொன்னார். முதலில் மாத்திரையை நிறுத்தச் சொல்லவே இல்லை. மோசடியின் சூட்சுமமே அங்கேதான் இருந்தது. மாத்திரையோடு தன் மூலிகைப் பொடியையும் சாப்பிடச் சொல்லி, இரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் வைரஸின் அளவைக் காட்டும் வைரல் லோடு பரிசோதனைக்கு அனுப்பினார். "கண்டறியப்படவில்லை" என்று முடிவு வந்தது. "பார்த்தீர்களா? இனி அந்த மாத்திரைதான் உங்களுக்கு விஷம்" என்றார். அழுதுகொண்டே அவர் கேட்ட பணத்தைக் கொடுத்தேன்.

என் பழைய அறிக்கைகள் எல்லாவற்றிலும் அதே சொல்தான் இருந்தது. மருத்துவர் "நன்றாக இருக்கிறது" என்பதோடு நான் திருப்தியடைந்துவிடுவேன், ஒன்றையும் படித்ததில்லை. மாத்திரை செய்த வேலைக்குப் பொடி பெயர் வாங்கிக்கொண்டது.

மாத்திரை வைரஸ் பெருகுவதைத்தான் தடுக்கிறது. நோய் எதிர்ப்புக்கு உதவும் சிடி4 வெள்ளை அணுக்கள் சிலவற்றுக்குள் உறங்கிக் கிடக்கும் வைரஸை அதனால் தொட முடியாது. ரத்தத்தில் செய்யும் வைரல் லோடு பரிசோதனையிலும் அது தெரியாது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே திரும்பப் பெருகத் தொடங்கும். எனக்கும் அதுவே நடந்தது. நான்காம் மாதம் காய்ச்சல், வாயெல்லாம் வெள்ளைப் படலம். சிடி4 எண்ணிக்கை 160-க்கு இறங்கியிருந்தது.

அதைவிடப் பெரிய வேதனை ஒன்று உண்டு. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு வைரஸ் கண்டறிய முடியாத அளவில் நீடிக்கும்போது உடலுறவு மூலம் அது துணைக்குப் பரவாது. அந்தத் தைரியத்தில்தான் நானும் என் மனைவியும் வாழ்ந்தோம். அந்தக் காப்பை என் கையாலேயே உடைத்திருக்கிறேன். அவருக்கு இரண்டு முறை பரிசோதனை செய்ய வேண்டியிருந்தது. இரண்டிலும் தொற்று இல்லை. இடைப்பட்ட நாட்களில் அவர் என்னிடம் கோபப்படக்கூட இல்லை, அதுதான் தாங்கவில்லை.

பொடி கொடுத்தவரிடம் கேட்டேன். "பத்தியம் தவறியிருப்பீர்கள்" என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தார். அதில் என்ன கலந்திருந்தது என்பது இன்றுவரை தெரியாது. பொட்டலத்தில் ஒரு எழுத்துகூட இல்லை.

மருந்துக்கு எதிர்ப்புத்தன்மை வந்துவிட்டதா என்று சோதித்தார்கள். நல்லவேளை, பழைய மாத்திரையே வேலை செய்கிறது. சிடி4 200-க்குக் கீழே போனதால் நுரையீரல் தொற்றைத் தடுக்கக் கோட்ரைமாக்சசோலும் சேர்த்துச் சாப்பிடுகிறேன்.

யாராவது இப்படிச் சொல்லி நீங்களும் மாத்திரையை நிறுத்தியிருந்தால், வெட்கப்பட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். இன்றே உங்கள் மருத்துவரிடம் போங்கள். திட்டுவார் என்று பயந்து மூன்று வாரம் வீணாக்கினேன். அவர் திட்டவில்லை. கடைசி மாத்திரையை எந்தத் தேதியில் சாப்பிட்டேன் என்று மட்டும் கேட்டார்.