மின்சாரக் காரில் மூன்று கோடை: ஏசியும் பேட்டரிக் குளிரூட்டலும்

தர்மபுரியில் வீடு, கிருஷ்ணகிரியில் வேலை. போக வர தினமும் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று வருஷமாக மின்சாரக் காரில்தான் போகிறேன். பேட்டரி 30 யூனிட். வாங்கிய நாளிலிருந்து பார்க்கிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "ஏசி போட்டா ஓடுற தூரம் எவ்வளவு குறையும்?"

ஏசி தூரத்தைப் பார்த்துச் செலவு செய்வதில்லை, நேரத்தைப் பார்த்துத்தான். வெயிலில் நின்ற என் வண்டி முதல் பத்து நிமிடம் மூன்று கிலோவாட் வரை இழுக்கும். உள்ளே குளிர்ந்ததும் ஒரு கிலோவாட்டுக்குக் கீழே வந்துவிடும். நான்குவழிச் சாலையில் ஒரு மணி நேரம் போனால் சுமார் ஒரு யூனிட், அதாவது எனக்கு ஏழு கிலோமீட்டர் குறைகிறது. அதே ஒரு மணி நேரம் ஊருக்குள் நெரிசலில் ஊர்ந்தாலும் அதே ஒரு யூனிட்தான், ஆனால் ஓடிய தூரம் பதினைந்தைத் தாண்டியிருக்காது.

ஆகவே அந்த முதல் பத்து நிமிடத்தைப் பிடித்தால் போதும். ஆபீஸில் புளியமரத்து நிழலில் நிறுத்தி, 15 ஆம்பியர் பிளக்கில் போட்டுவிடுவேன். கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்பே போனிலிருந்து ஏசியைப் போட்டால் அந்தச் செலவு சுவர் மின்சாரத்தில் போய்விடும், பேட்டரியைத் தொடாது. மூன்று வருஷத்தில் எனக்கு அதிகம் மிச்சம் பிடித்துக் கொடுத்த பழக்கம் இதுதான்.

பேட்டரிக்கும் குளிர்ச்சி வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. என் வண்டியில் கூலன்ட் திரவம் பேட்டரியைச் சுற்றி ஓடி சூட்டை எடுத்துவரும். சூடு கூடினால் ஏசி கம்ப்ரஸரே அந்தத் திரவத்தையும் குளிர்விக்கும். ஒருமுறை சேலத்திலிருந்து மே மாத மத்தியானத்தில் தொப்பூர் கணவாய் ஏறி வந்து, நேராக வேகச் சார்ஜரில் போட்டேன். வழக்கமான வேகத்தில் பாதிகூட ஏறவில்லை. முன்பக்கத்தில் ஃபேன் பெரிதாக இரைந்தது. அம்மா பயந்துபோய், "ஏன்டா, நிறுத்தின வண்டி இப்படி இரையுது?" என்று கேட்டார். கோளாறு எதுவும் இல்லை. ஏற்றத்தில் ஏற்கெனவே சூடாகியிருந்த பேட்டரியை வேகச் சார்ஜ் இன்னும் சூடாக்க, வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. கேபினில் ஏசியை அணைத்தபின் கொஞ்சம் தேறியது, கம்ப்ரஸர் முழுக்க பேட்டரிக்கு வேலை செய்தது அல்லவா. இப்போதெல்லாம் சேலத்திலேயே தேவையான அளவு ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறுகிறேன். மீதி வீட்டில், ராத்திரி, மெதுவாக.

இரண்டாம் கோடையில் ஏசி குளிர்ச்சி குறைந்தது. சர்வீஸ் சென்டரில் "கேஸ் இறங்கியிருக்கும், நிரப்பணும்" என்று பெரிய பில் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. முன் கிரில்லுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் ஏசியின் சூட்டை வெளிக்காற்றில் விடும் கண்டென்சரின் முகம் முழுக்கப் பூச்சியும், நெடுஞ்சாலைத் தூசியும் களிம்புபோல் அப்பியிருந்தது. தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவினேன். பிரஷர் வாஷர் வேண்டாம், தகடுகள் மடங்கிவிடும். அடுத்த நாளே பழைய குளிர்ச்சி. பில் கொடுத்தவர்கள் முதலில் அதைப் பார்த்திருக்க வேண்டாமா?

அப்புறம், கூலன்ட் மட்டம் குறைந்தால் கையில் கிடைத்த கூலன்ட்டையோ குழாய்த் தண்ணீரையோ ஊற்றிவிடாதீர்கள். மேனுவலில் எழுதியிருக்கிற வகை மட்டும்தான். நான் மாதத்துக்கு ஒருமுறை, காலையில் வண்டி ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறந்து டப்பாவின் கோட்டைப் பார்த்துவிடுகிறேன்.