வெட்பாலைத் தைலம்: வறண்டு அரிக்கும் தலைக்கு இரண்டரை மாத அனுபவம்

தருமபுரி பேருந்து நிலையத்துக்கு அருகே உள்ள ஒரு நாட்டு மருந்துக் கடையில் 100 மில்லி வெட்பாலைத் தைலத்தை 160 ரூபாய்க்கு வாங்கி, இரண்டரை மாதமாகத் தலைக்குத் தேய்த்து வருகிறேன். தலை வறண்டு, செதில் உதிர்ந்து, தூக்கம் கெடும் அளவுக்கு அரிப்பு எடுக்கிறவர்கள் எங்கள் பக்கம் எத்தனை பேர் என்பது, பள்ளியில் ஆசிரியர் அறையில் இந்தப் பேச்சு எழுந்த ஒரு நாளில்தான் எனக்குத் தெரிந்தது. அவர்களுக்காகவே இதை விரிவாக எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: இந்தத் தைலம் எனக்கு நல்ல பலன் தந்தது, அதே வீட்டில் என் மகனுக்குத் தொல்லையைக் கூட்டியது. இரண்டுக்குமே தெளிவான காரணம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் இதை யாரும் வாங்க வேண்டாம்.

எனக்கு வயது நாற்பத்தாறு. நான்கு ஆண்டுகளாக ஐப்பசி மழை ஓய்ந்ததும் தலை வறளத் தொடங்கி, மாசி முடியும்வரை அரிப்பு விடாது. உச்சந்தலையிலும் பிடரிக்கு மேலேயும் தோல் இழுத்துப் பிடிப்பது போல இருக்கும்; சொறிந்தால் தவிட்டுப் பொடி போல வெள்ளையாக உதிரும். ஒருநாள் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பியபோது, ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், சுண்ணக்கட்டித் தூள் என்று நினைத்து என் தோளைத் தட்டிவிட்டான். அவன் அன்பாகத்தான் செய்தான். இருந்தாலும் அன்று முதல் அடர்ந்த நிறச் சட்டை போடுவதை நிறுத்திவிட்டேன்.

அதற்குள் கை வைக்காத வைத்தியம் இல்லை. விளம்பரத்தில் பார்த்த பொடுகு ஷாம்புகளை மாற்றி மாற்றிப் போட்டேன். ஓசூரில் ஒரு அழகு நிலையத்தில், தலைத்தோலுக்கான சிறப்புச் சிகிச்சை என்று 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு, எதையோ பூசி ஆவி பிடிக்க வைத்தார்கள். மூன்று நாள் சுகமாக இருந்தது. நான்காம் நாள் முன்னைவிட அதிகமாக அரித்தது. என் தலையில் இருப்பது என்ன என்று அங்கே ஒருவரும் உற்றுப் பார்க்கவில்லை என்பதுதான் இன்றும் எனக்கு வருத்தம்.

வழி காட்டியது ஒகேனக்கல். மார்கழி விடுமுறையில் உறவினர்களை அழைத்துச் சென்றபோது, ஆற்றங்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் ஒருவரிடம் உட்கார்ந்தேன். தலை முதல் கால் வரை அழுத்தித் தேய்த்து, அரை மணி நேரம் ஊறவைத்து, அருவியில் குளித்துவிட்டு வருமாறு அனுப்பினார். கையோடு கொண்டுபோன சீயக்காயைத்தான் போட்டுக் குளித்தேன். அடுத்த இரண்டு நாள் தலையில் கை வைக்கவே தோன்றவில்லை. வீட்டிலும் சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவன்தான் நான். அங்கே வேறாக இருந்தது தண்ணீர் ஒன்றுதான்.

எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதை வெந்நீர் போடும் மின்கம்பியைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். மூன்று மாதத்தில் அதன் மேல் முட்டை ஓடு கனத்துக்கு வெள்ளைப் படிவு ஏறிவிடும். கத்தி முனையால் தட்டினால் பாளம் பாளமாகப் பெயரும். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்துச் சோதித்தபோது, மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 600 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. இந்தியத் தர அளவின்படி குடிநீரில் 200 வரை இருக்கலாம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். இத்தகைய தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காக மாறித் தோலில் ஒட்டிக்கொள்கின்றன. ஷாம்புவின் எச்சமும் எளிதில் போவதில்லை. ஏற்கெனவே வறண்ட தோல் இதனால் எரிச்சலடைகிறது. போதாததற்குக் குளிர்காலத்தில் நாம் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, தோலில் மிச்சமிருக்கும் எண்ணெய்ப் பசையையும் கழுவிவிடுகிறோம்.

நல்லவேளையாக எங்கள் தெருவுக்கு ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வருகிறது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெட்டுவந்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு கொண்டுவரப்பட்டு 2013ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்த திட்டம் அது. அது தலைக்குளியலுக்காக வந்த தண்ணீர் அல்ல. அதை வீணாக்க எனக்கும் மனம் வராது. ஆகவே குளியல் முழுவதையும் போர் தண்ணீரில் முடித்துவிட்டு, கடைசியாகத் தலையை அலச மட்டும் அரை வாளி காவிரித் தண்ணீரை எடுத்துக்கொண்டேன். இதிலேயே அரிப்பு பாதி தணிந்தது. மீதிப் பாதிக்குத்தான் தைலம்.

வெட்பாலை நம் காட்டு மரம். பென்னாகரம் பக்கத்துக் கரடுகளில் தானாக முளைத்து நிற்கும். இலையைக் கிள்ளினால் பால் வடியும். முருங்கைக்காயை மெலிதாக்கியது போன்ற காய்கள் இரண்டிரண்டாக, நுனியில் ஒட்டிக்கொண்டு தொங்கும். கர்நாடகத்தில் உள்ள சென்னப்பட்டணத்து மரப் பொம்மைகளைச் செய்வது இந்த மரத்தின் வெண்மையான கட்டையில்தான். இலையில் நீலச் சாயம் உண்டு. அந்தச் சாயத்தின் குணமே தைலத்திலும் தெரிகிறது: பச்சை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால், சில நாளில் எண்ணெய் ஊதா நிறத்துக்கு மாறிவிடும். அடுப்பில் காய்ச்சாமல் இப்படி வெயிலிலேயே எடுப்பதைச் சித்த மருத்துவத்தில் சூரிய புடம் என்பார்கள். காளாஞ்சகப்படை (சொரியாசிஸ்) என்னும் தோல் நோய்க்கும் பொடுகுக்கும் இதைத் தருவது அவர்களுடைய நெடுநாள் வழக்கம்.

கடைக்காரர் பெரியவர். பாட்டிலை எடுத்துக் கொடுக்கும் முன் வாசலுக்கு வந்து வெயிலுக்கு நேராகச் சாய்த்துக் காட்டினார். "தம்பி, இப்படிப் பார்க்கணும். ஓரத்துல ஊதா தெரியுதா? பச்சையா இருந்தா இலை சரியா இறங்கலைன்னு அர்த்தம்" என்றார். நடுவில் கறுப்பாகத் தோன்றிய எண்ணெய், கண்ணாடியோடு ஒட்டி மெலிந்து வழிந்த இடத்தில் நாவற்பழச் சாறு போல ஒளிர்ந்தது. தலைக்கு என்ன என்று கேட்டு, செதில் எப்படி உதிர்கிறது, காதுக்குப் பின்னால் இருக்கிறதா, புண் உண்டா என்றும் விசாரித்த பிறகே பணத்தை வாங்கினார். 1,800 ரூபாய் கொடுத்த இடத்தில் கிடைக்காத அக்கறை இது. உரிம எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி மூன்றும் அச்சிட்ட பாட்டிலையே கேட்டு வாங்கினேன். அளந்து ஊற்றித் தரும் சில்லறைத் தைலத்தை நான் தொடமாட்டேன், நீங்களும் தொடாதீர்கள்.

முதல் நாள் முழங்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டுத் தடவி, ஒரு நாள் முழுவதும் காத்திருந்தேன். தடிப்போ எரிச்சலோ இல்லை. பிறகு வாரத்துக்கு இரண்டு முறை, குளிப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பாக, முடியை வகிடு வகிடாகப் பிரித்து விரல் நுனியால் தோலில் மட்டும் படும்படி தேய்த்தேன். ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டி போதும். வழிய வழிய வைப்பதால் கூடுதல் பலன் எதுவும் இல்லை; அதைக் கழுவி எடுக்க இரண்டு மடங்கு சீயக்காய் தேவைப்படும், அதுவே மறுபடி வறட்சியைக் கொண்டுவரும். இரவு முழுவதும் ஊறவைத்தும் ஒருமுறை பார்த்தேன். தலையணை உறையில் பிடித்த ஊதாக் கறை இன்னும் போகவில்லை.

முதல் வாரத்தில் பெரிய மாற்றம் இல்லை. இரண்டாம் வார முடிவில் இரவு அரிப்பு நின்றது. நான்காம் வாரம் தோலின் இழுப்பு போய், சீப்பில் செதில் வருவது அரிதாயிற்று. இப்போது வாரம் ஒருமுறைதான் தேய்க்கிறேன். தலை அமைதியாக இருக்கிறது. இது தைலத்தால் மட்டும் நேர்ந்தது என்று நான் சாதிக்கமாட்டேன். ஊரில் தண்ணீர் வராத ஒரு வாரம், தைலத்தை வழக்கம்போல் தேய்த்தும், போர் தண்ணீரிலேயே அலசியதால் அரிப்பு லேசாகத் தலைகாட்டியது.

என் மாமியார் பென்னாகரத்திலிருந்து ஒரு பை இலை கொண்டுவந்து, கத்தி படாமல் கையாலேயே கிள்ளிப்போட்டு, வாய் அகன்ற கண்ணாடி ஜாடியில் வீட்டிலும் தைலம் போட்டார். மொட்டை மாடியில் மூன்றாம் நாளே நிறம் இறங்கத் தொடங்கியதைப் பார்ப்பது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் இலையில் இருந்த ஈரம் முழுவதும் போகாததால், ஒரு மாதத்துக்குள் எண்ணெயில் சிக்கு வாடை ஏறிவிட்டது. கடைத் தைலத்தில் அந்த வாடை இல்லை. பச்சிலை மணம் மட்டும் லேசாக அடிக்கிறது, ஒரு அலசலில் போய்விடுகிறது.

இனி மகனுடைய கதை. கல்லூரியில் படிக்கும் அவனுக்கும் தலை அரிக்கும், செதிலும் உதிரும். அப்பாவுக்குச் சரியானது தனக்கும் ஆகும் என்று அவனும் தேய்த்தான். பத்து நாளில் செதில் இரட்டிப்பாகி, புருவத்திலும் மூக்கோரத்திலும் சிவந்துவிட்டது. தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவனுடைய செதில் என்னுடையது போல உலர்ந்த பொடி அல்ல; மஞ்சள் கலந்து, பிசுபிசுப்பாகத் தோலோடு ஒட்டியிருப்பது. அவனுக்கு இருந்தது வறட்சி அல்ல, எண்ணெய்ச் சுரப்போடு சேர்ந்த பொடுகு. எல்லோர் தலையிலும் வாழும் மலசீசியா என்னும் பூஞ்சை தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாதது. தலையில் இருக்கும் எண்ணெயையே அது தின்று வளர்கிறது. தேங்காய் எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட தைலத்தை அந்தத் தலையில் ஊற்றியது, அதற்குச் சோறு போட்டது போல ஆயிற்று. அவனுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தது, பூஞ்சையை அடக்கும் கீட்டோகொனசோல் 2 சதவீத ஷாம்பு. வாரம் இரண்டு முறை, நுரையை ஐந்து நிமிடம் தலையிலேயே விட்டு அலச வேண்டும். போட்டவுடன் கழுவிவிட்டால் மருந்துக்கு வேலை செய்ய நேரமே கிடைக்காது. நான்கு வாரத்தில் அவனுக்குச் சரியாகிவிட்டது. மருத்துவரைக் கேட்காமல் நான் அவனைத் தேய்க்கவிட்டது தவறு.

குறைகள் சிலவற்றைத் தயாரிப்பாளர் கவனிக்க வேண்டும். பாட்டிலின் வாய் மிக அகலம். ஒரு கரண்டி எடுக்கப் போனால் மூன்று கரண்டி கொட்டுகிறது. மூடி இறுகுவதில்லை, பையில் வைத்து வந்தபோது கசிந்தது. எல்லாவற்றையும்விட, எந்த வகைத் தலைக்கு இது ஆகாது என்று அட்டையில் ஒரு வரிகூட இல்லை. சகலவித தலை நோய்களுக்கும் என்று பொதுவாகப் போட்டிருப்பது நியாயமில்லை.

100 மில்லி எனக்குப் பத்து வாரம் வந்தது. சென்ற வாரம் இரண்டாவது பாட்டில் வாங்கினேன். கிருஷ்ணகிரியில் இருக்கும் அக்கா தனக்கும் ஒன்று வாங்கி வரச் சொன்னார். வகிடு எடுத்துக் கைபேசியில் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். நெற்றி முடியோரத்தையும் தாண்டி, வெள்ளி போல மின்னும் தடித்த செதில் பாளமாகப் படிந்திருந்தது. காதுக்குப் பின்னாலும் அப்படியே. "அக்கா, இதற்குத் தைலம் வாங்கமாட்டேன், திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு வருகிறேன், தோல் மருத்துவரிடம் போவோம்" என்று சொல்லியிருக்கிறேன்.