யூனோஸ் ரோட்ஸ்டருக்கு சிலிக்கான் காற்றுக் குழாய்: வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் பெட்டியில் வரும் எல்லாவற்றையும் வண்டியில் மாட்டாதீர்கள்.

என்னிடம் இருப்பது 1991 யூனோஸ் ரோட்ஸ்டர். மஸ்டா எம்எக்ஸ்-5 ஜப்பானில் அந்தப் பெயரில்தான் விற்றது. அங்கேயும் இங்கிலாந்திலும் ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால் இப்படி இறக்குமதியாகி வந்தவை இங்கே நிறைய ஓடுகின்றன. எஞ்சின் 1.6 லிட்டர், 1597 சிசி. உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ மீட்டரிலிருந்து, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறக்கும் வால்வு உள்ள த்ராட்டில் பாடிக்குப் போகும் குழாயின் ரப்பர் பகுதிகளைக் கழற்றிவிட்டு, அதே வடிவத்தில் வரும் கறுப்பு சிலிக்கான் செட் ஒன்றைப் போட்டிருக்கிறேன்.

மாற்றுவதற்கு முன்னால் வண்டி ரொம்பப் படுத்தியது. சூடானதும் ஐட்லிங் (மிதிக்காமல் நிற்கும்போது எஞ்சின் சுற்றும் வேகம்) ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். சிக்னலில் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் ஒரு கணம் திணறிவிட்டுத்தான் நகரும். நெரிசலில் நிற்கும்போது அணைந்தும் போனது. மேற்கு லண்டனில் நம்மவர் நடத்தும் ஒரு காரேஜில் காட்டினேன். "ஏர்ஃப்ளோ மீட்டர் போட்டுது அண்ணை. மாத்தத்தான் வேணும்" என்றார். பழைய மீட்டர் ஒன்றுக்கு அவர் சொன்ன விலையில் நான்கு டயரும் மாற்றிவிடலாம்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. மெதுவாக மிதித்தால் வண்டி ஒழுங்காகப் போகிறதே! வேகமாக மிதிக்கும்போது எஞ்சின் தன் மவுண்டிங்கில் ஒரு பக்கமாகச் சாய்கிறது. அந்த அசைவையெல்லாம் வாங்கிக்கொள்வது காற்றுக் குழாயின் மடிப்புப் பகுதிதான். அதனால் டார்ச்சை வைத்துக்கொண்டு மடிப்புகளைக் கையால் விரித்துப் பார்த்தேன். மேலே பார்த்தால் நல்ல ரப்பர். இரண்டு மடிப்புகளுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில், கீழ்ப்பக்கமாக, விரல் நீளத்துக்கு வெடிப்பு. கையை எடுத்ததும் மூடிக்கொள்கிறது. சும்மா நிற்கும் வண்டியில் இது கண்ணுக்கே படாது.

இந்த எஞ்சினில் அது ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1.6-ல் இருப்பது ஃப்ளாப் வகை மீட்டர். உள்ளே போகும் காற்று ஒரு ஸ்பிரிங் கதவைத் தள்ளித் திறக்கும். கதவு எவ்வளவு திறந்தது என்பதைப் பார்த்து எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசியூ பெட்ரோலை அளந்து விடும். மீட்டருக்கு அப்புறம் குழாயில் வெடிப்பு இருந்தால் காற்று ஏன் ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டும்? வெடிப்பு வழியாக நுழைந்துவிடும். அந்தக் காற்று கணக்கில் வராது, அதற்கான பெட்ரோலும் வராது. கலவை லீனாகி எஞ்சின் திணறும். இன்னொன்றும் உண்டு. பெட்ரோல் பம்ப்பை ஓட வைக்கும் சுவிட்சும் இதே மீட்டருக்குள்தான் இருக்கிறது. கதவு முழுக்க மூடினால் பம்ப் நின்றுவிடும், எஞ்சினும் அணையும். நெரிசலில் அணைந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். குழாய் மாற்றிய பிறகு அது நடக்கவே இல்லை.

இனி செட்டைப் பற்றி. 60 பவுண்டுக்குள் கிடைத்தது. உள்ளே துணி அடுக்கு வைத்த கனமான சிலிக்கான், வெட்டு விளிம்புகள் சுத்தமாக இருக்கின்றன. இதைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம் நடுவில் இருக்கும் புடைப்பு. வழவழவென்று நேராக இருக்கும் சிலிக்கான் குழாய்களும் விற்கிறார்கள், பார்க்க இன்னும் அழகு. ஆனால் எஞ்சின் ஆடும்போது அவை வளைந்து கொடுக்காமல் மீட்டரையே இழுக்கும். புடைப்போ மடிப்போ இல்லாததை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சூட்டைச் சிலிக்கான் ரப்பரைவிட நன்றாகத் தாங்கும், ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் குழாய்க்கு அது பெரிய விஷயம்.

குறைகள் இரண்டு. கூட வந்த கிளிப்புகள் பட்டையில் துளை வெட்டிய சாதாரண வகை. இறுக்கும்போது அந்தத் துளைகளின் விளிம்பு சிலிக்கானைச் சீவிவிடும். உட்பக்கம் வழவழப்பான பட்டை உள்ள கிளிப்புகளைத் தனியாக வாங்கிப் போட்டேன். இரண்டாவது, இதைத்தான் விற்பவர்கள் கவனித்திருக்க வேண்டும்: எஞ்சினின் மேல்மூடியான கேம் கவரிலிருந்து வரும் பிரீதர் குழாய்க்கும் அதே சாதாரண சிலிக்கானைக் கொடுத்திருக்கிறார்கள். அதில் எண்ணெய் ஆவி வந்துகொண்டே இருக்கும். சாதாரண சிலிக்கானுக்கு எண்ணெய் ஆகாது, ஊறிப்போய் மெத்தென்று ஆகிவிடும். அந்த ஒரு துண்டை ஒதுக்கிவிட்டு எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பர் குழாயை அளவு பார்த்து வெட்டிப் போட்டிருக்கிறேன்.

மாட்டுவது கடினமில்லை. கிரீஸ் எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம், கொஞ்சம் சோப்புத் தண்ணீர் போதும். எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, வளைவுகள் முறுக்கில்லாமல் உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள். கிளிப் ஸ்குரு மேலே பார்த்து இருக்கட்டும்.

பலர் விட்டுவிடுவது இதற்கு அப்புறம் செய்ய வேண்டிய வேலை. லீக்கை மறைக்க யாராவது ஐட்லிங் ஸ்குருவைத் திருகி வைத்திருப்பார்கள், என் வண்டியிலும் அப்படித்தான். எஞ்சின் நன்றாகச் சூடானதும் விளக்கு, ஃபேன், ஏசி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, எஞ்சின் அறையில் இருக்கும் டயக்னோசிஸ் பெட்டியில் டிஇஎன் (TEN), ஜிஎன்டி (GND) என்று குறித்த இரண்டு முனைகளையும் ஒரு ஒயரால் இணைத்து, த்ராட்டில் பாடி ஸ்குருவில் 850 ஆர்பிஎம் வையுங்கள். 50 முன்பின் இருக்கலாம். ஒயர் மாட்டியிருக்கும்போதே தீப்பொறி விழும் டைமிங்கும் பார்த்துவிடுங்கள், பிஸ்டன் உச்சிக்கு வரும் இடமான டிடிசிக்கு 10 டிகிரி முன்னால் இருக்க வேண்டும்.

2017-ல் மஸ்டா இந்த முதல் தலைமுறை ரோட்ஸ்டரைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை ஜப்பானில் அறிவித்தது. சாஃப்ட் டாப், நார்டி மர ஸ்டியரிங் எல்லாம் மறுபடி தயாரானதை எல்லோரும் கொண்டாடினோம். ஒரு கம்பெனி தன் பழைய வண்டிக்கு இவ்வளவு செய்வது பெரிய விஷயம். ஆனால் இந்த வண்டிகளை ரோட்டில் நிறுத்திவிடுவது பெரும்பாலும் முப்பது வருஷ ரப்பர்தான். உங்களுக்கு மஸ்டாவின் அசல் ரப்பர் குழாய் புதிதாக, நியாயமான விலையில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். வளைந்து கொடுப்பதில் சிலிக்கானைவிட அதுதான் மேல். சத்தமும் குறைவு, இந்த செட்டில் காற்று உறிஞ்சும் சத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது, எனக்குப் பிடித்திருக்கிறது, உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

1.8 எஞ்சின்காரர்கள் இந்த செட்டை வாங்காதீர்கள். அதில் மீட்டரே வேறு, குழாயின் வடிவமும் வேறு.