ஹம்மிங்பேர்ட் ஃபீடர் சென்னைக்கு உதவுமா? மாடி அறைக்கும் ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) தோட்ட வீட்டுக்கும் ஒரு மதிப்பீடு

ஆன்லைன் கடைகளில் 'ஹம்மிங்பேர்ட் ஃபீடர்' என்று தேடினால் சிவப்பு மூடியும் மஞ்சள் பிளாஸ்டிக் பூவுமாக ஒரு பக்கம் முழுக்க வந்து நிற்கும். பறவைக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கும் கலம் அது. படத்தில் ஒரு பறவை அந்தரத்தில் நின்றபடியே குடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பறவை உங்கள் மாடிக்கு வராது. ஓசனிச்சிட்டு என்று தமிழில் சொல்லப்படும் ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்வது. முந்நூறுக்கு மேற்பட்ட இனங்கள் இருந்தும் ஒன்றுகூட இந்தியாவில் கிடையாது. முருங்கைப் பூவில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கீச்சிடுகிற நம்ம ஊர்க் குருவி தேன்சிட்டு. அது முற்றிலும் வேறு குடும்பம்.

சென்னையில் மூன்று தேன்சிட்டுகளைப் பார்க்கலாம். அடிக்கடி கண்ணில் படுவது மஞ்சள் வயிறும் கருஞ்சிவப்பு முதுகும் கொண்ட ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. உடல் நீளம் பத்து சென்டிமீட்டர்தான். வெயிலில் கருநீலமாக மின்னும் ஊதாத் தேன்சிட்டு அடுத்தது. மூன்றாவது, நீண்டு நன்றாக வளைந்த அலகுள்ள லோட்டன் தேன்சிட்டு. இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்தவரின் பெயர் அது.

இந்த வேறுபாட்டை முதலில் சொல்வதற்குக் காரணம், ஃபீடரின் ஒவ்வொரு குறையும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. ஹம்மிங்பேர்ட் பறந்தபடியே குடிக்கும். தேன்சிட்டு ஓரிரு நொடி சிறகடித்து நிற்கும், ஆனால் உட்கார்ந்து குடிப்பதே அதன் பழக்கம். கால் வைக்க இடமில்லாத ஃபீடரை அது இரண்டு முறை சுற்றிப் பார்த்துவிட்டுப் பக்கத்துச் செடிக்குப் போய்விடும்.

சந்தையில் கிடைப்பவை மூன்று வகை. கவிழ்த்த பாட்டில், ஜன்னல் கண்ணாடியில் உறிஞ்சுக் கிண்ணத்தால் ஒட்டுவது, மூடியில் துளையிட்ட தட்டு.

பாட்டில் வகையை வாங்காதீர்கள். அதற்குள் இருக்கும் நீரைக் கீழே விழாமல் தாங்குவது வெளிக்காற்றின் அழுத்தம். மேலே தங்கும் காற்று சூடாகும்போது இந்தக் கணக்கு குலைகிறது. 300 மில்லி பாட்டிலில் பாதி காலியானால் உள்ளே 150 மில்லி காற்று இருக்கும். காலையில் 28 டிகிரி, மதியம் 40 டிகிரி என்று வைத்துக்கொண்டால், காற்று விரிவதும் உள்ளே கூடும் நீராவியும் சேர்ந்து ஏறத்தாழ 12 மில்லி சர்க்கரைத் தண்ணீரை வெளியே தள்ளும். இரண்டு டீஸ்பூனுக்கு மேல். அது தரையில் சொட்டி, அரை மணி நேரத்தில் எறும்புப் படை வந்துவிடும். வாஷர் சரியில்லை என்று பலரும் விற்றவரோடு சண்டை போடுகிறார்கள். வாஷரை மாற்றினாலும் ஒழுகத்தான் செய்யும், ஏனென்றால் பாட்டில் காலியாகக் காலியாகக் காற்று கூடுகிறது. மிதமான வெயில் உள்ள ஊருக்கு ஏற்ற அமைப்பு இது. அக்னி நட்சத்திரத்துக்கு ஏற்றதல்ல.

ஜன்னலில் ஒட்டும் வகையில் உறிஞ்சுக் கிண்ணம் வெயிலில் இளகி, ஒருநாள் மொத்தமாகக் கீழே விழும். அதைவிடப் பெரிய குறை கண்ணாடி. ஆண் தேன்சிட்டு தன் எல்லைக்குள் இன்னொரு ஆணை விடாது. ஸ்கூட்டர் கண்ணாடியில் தன் நிழலைக் கொத்திக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜன்னலிலும் அதே கதைதான். தீனி வைக்கிறோம் என்று அதைக் களைத்துப்போக விடுவது நல்லதல்ல.

தட்டு வகை மட்டும் தேறுகிறது. நீர் துளைக்குக் கீழே கிடப்பதால் வெயிலில் ஒழுகாது, சுற்றிலும் உட்கார வளையம் இருக்கும், மூடியைக் கழற்றினால் மூலை முடுக்கெல்லாம் கை போகும். வாங்கும்போது கொள்ளளவைப் பார்த்து மயங்க வேண்டாம். சின்னதே நல்லது. பன்னிரண்டு சென்டிமீட்டர் விட்டம், மூன்று சென்டிமீட்டர் ஆழம் போதும். துளைக்குள் மஞ்சள் வலைபோலத் தேனீத் தடுப்பு செருகியிருந்தால் பிடுங்கிவிடுங்கள். நேரான அலகுக்குச் செய்த குழாய் அது, லோட்டன் தேன்சிட்டின் வளைந்த அலகு அதில் சரியாக நுழையாது.

தடுப்பை எடுத்தால் தேனீ வராதா என்றால், நீர்மட்டம்தான் பதில். தேனீயின் நாக்கு ஏழு மில்லிமீட்டரைத் தாண்டாது. துளையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் கீழே நீர் நின்றால் தேனீக்கு எட்டாது, தேன்சிட்டின் அலகுக்கு எட்டும். ஆனால் மேலே சொன்ன தட்டில் அந்த மட்டம் வர 220 மில்லிக்கு மேல் ஊற்ற வேண்டும். அவ்வளவையும் தினமும் கொட்டுவது வீண். அடியில் கண்ணாடிக் கோலிகளை நெருக்கமாகப் பரப்பிவிட்டால் 90 மில்லியிலேயே மட்டம் ஏறிவிடும். தட்டைக் கழுவும்போது கோலிகளையும் தேய்த்துக் கழுவ வேண்டும், அது மட்டும்தான் கூடுதல் வேலை.

கலவை எளிது: நான்கு பங்கு தண்ணீர், ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை. 90 மில்லிக்கு நாலு டீஸ்பூன் சர்க்கரையும் பதினாறு டீஸ்பூன் தண்ணீரும் சரியாக வரும். குடிக்கிற தண்ணீரையே எடுங்கள், போர் தண்ணீர் வேண்டாம். கொதிக்க வைத்து, நன்றாக ஆறிய பிறகு ஊற்றுங்கள். மனிதனுக்கு நல்லதென்று நாட்டுச் சர்க்கரையோ வெல்லமோ கருப்பட்டியோ போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவற்றிலுள்ள இரும்பும் மற்ற உப்புகளும் பூந்தேனில் அந்த அளவுக்கு இல்லாதவை, இவ்வளவு சிறிய உடலுக்கு ஆகாது. தேனைக் கரைத்தால் பூஞ்சை பிடிக்கும். சிவப்புச் சாயம் கலந்த 'நெக்டார் பவுடர்' பாக்கெட் தேவையே இல்லை. தட்டே சிவப்பாக இருக்கிறது, அது போதும்.

அமெரிக்காவில் ஃபீடர் வைப்பவர்களுக்குச் சொல்லப்படும் விதி, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் தினமும் மாற்று என்பது. சென்னையில் மார்ச் முதல் செப்டம்பர் வரை பெரும்பாலான நாட்கள் அந்தக் கணக்கில்தான் வரும். 2003 மே கடைசியில் 45 டிகிரியையே பார்த்த ஊர் இது. ஆகவே காலை ஆறரை மணிக்கு வைத்ததை மாலையில் எடுத்துக் கொட்டிவிடுவதே பாதுகாப்பு. நீர் கலங்கினாலோ நூல்போல ஏதாவது மிதந்தாலோ அது புளித்துவிட்டது என்று அர்த்தம். தினமும் வெந்நீரும் சின்ன பிரஷும் போதும். வாரம் ஒரு முறை வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். கரும்பூஞ்சை தெரிந்தால் ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், பத்து நிமிடம், பிறகு பலமுறை அலசி வெயிலில் காய வைக்கவும். வினிகரையும் பிளீச்சையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும். தினமும் கழுவ நேரமில்லை என்றால் ஃபீடரே வேண்டாம். அழுக்குத் தட்டு பறவைக்கு நோய் தரும். இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க முடியாது.

எறும்புக்கு, தொங்கும் கம்பியின் நடுவில் ஒரு சிறு நீர்க்கிண்ணம் வேண்டும். சில ஃபீடரில் கூடவே வரும். இல்லாவிட்டால் ஒரு அகலமான பிளாஸ்டிக் மூடியின் நடுவில் துளையிட்டுக் கம்பியைச் செருகி, எம்-சீல் வைத்து அடைத்துவிடலாம். மே மாத மதியத்துக்குள் அந்த நீர் வற்றிவிடும், காலையில் நிரப்பியதை மதியம் ஒரு முறை பாருங்கள். கம்பியில் எண்ணெயோ கிரீஸோ வாஸ்லினோ தடவக் கூடாது. இறகில் ஒட்டினால் பறவை பறக்கவும் முடியாமல், உடல் சூட்டைக் காக்கவும் முடியாமல் போகும்.

மாட்டும் இடம் கிழக்குப் பக்கத்து நிழல். தரையிலிருந்து ஆறடி உயரம், இரண்டு மூன்று அடி தூரத்தில் ஒரு செடி அல்லது கொடிக்கம்பி. புறா வலைக்குள் மாட்ட வேண்டாம், உள்ளே புகுந்த குருவி பதற்றத்தில் வெளியே வழி தெரியாமல் சிக்கிக்கொள்ளும். அணில் இருக்கும் வீடென்றால் பிளாஸ்டிக் மூடியை ஒருநாள் கடித்துக் குதறும், அதற்குத் தயாராக இருங்கள். அக்டோபர் மழை தொடங்கியதும் கழற்றி உள்ளே வைத்துவிடலாம். துளை வழியே மழை இறங்கிக் கலவை நீர்த்துப்போகும். 2016 வர்தா, 2023 மிக்ஜாம் புயல் மாதிரிக் காற்றில் தொங்குகிற எதுவுமே ஆபத்து.

இவ்வளவும் செய்த பிறகும் ஃபீடருக்கு நாங்கள் தரும் இடம் இரண்டாவதுதான். அதே காசுக்கு நர்சரியில் நாலைந்து செடி வாங்கலாம். அதில் முதல் செடி ஹமேலியா. ஆரஞ்சு நிறக் குழாய்ப் பூக் கொத்துகள். இதன் சொந்த ஊர் அமெரிக்காவின் வெப்பப் பகுதிகள், அங்கே ஹம்மிங்பேர்டுக்காகவே பூக்கிற செடி. இங்கே அந்தக் குழாய் தேன்சிட்டின் அலகுக்குப் பொருந்திவிட்டது. பிளாஸ்டிக்கை இறக்குமதி செய்வதைவிட இந்தச் செடியை வளர்ப்பது எவ்வளவோ மேல். பதினாறு அங்குலத் தொட்டி, இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மட்கிய தொழு உரம், ஒரு பங்கு தென்னை நார்க் கழிவு. ஐந்து மணி நேர வெயிலாவது வேண்டும். புதுக் கிளையில்தான் பூக்கும் என்பதால், பூத்து ஓய்ந்ததும் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட வேண்டும். இரண்டு தொட்டி வைத்து மாற்றி மாற்றி வெட்டினால் ஏதாவது ஒன்றில் பூ இருந்துகொண்டே இருக்கும்.

மாடிக் கைப்பிடிச் சுவரில் தொங்கவிட ரஸ்ஸேலியா. ஊசிபோல மெல்லிய தண்டு, சிவப்புக் குழல் பூ. கடற்காற்றின் உப்பைத் தாங்கும், ஆகவே கோவளம், உத்தண்டி, முட்டுக்காடு பக்கம் வீடு உள்ளவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். தண்டு ஆடும் என்பதால் பக்கத்தில் ஒரு காய்ந்த குச்சியை நட்டு வையுங்கள், குருவி அதில் உட்கார்ந்து குடிக்கும்.

இட்லிப்பூ அதிகம் ஏமாற்றும் செடி. தேன்சிட்டுக்கும் பட்டாம்பூச்சிக்கும் பிடிக்கும்தான், ஆனால் சென்னையின் போர் தண்ணீரில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். உரக் குறை என்று யூரியா போடுவார்கள், மாறாது. தண்ணீரின் காரத்தன்மையால் மண்ணிலுள்ள இரும்பை வேர் எடுக்க முடியாததுதான் காரணம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து கிராம் ஃபெரஸ் சல்ஃபேட் என்ற இரும்பு உப்பு, ஒரு கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, பத்து நாளுக்கு ஒரு முறை மாலையில் இலையில் தெளித்தால் புதுத் தளிர் பச்சையாக வரும். ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது சிக்கனம் போலத் தெரியும். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. தொட்டிச் செடியை அது மெதுவாகக் கொல்லும்.

செம்பருத்தியில் ஒற்றை அடுக்குச் சிவப்பை வாங்குங்கள், பல அடுக்குப் பூவில் தேனை எடுப்பது கடினம். தேன்சிட்டு பெரும்பாலும் பூவின் அடியில் குத்தித் துளையிட்டுத் தேனைத் திருடும், பூ கெட்டுவிட்டதாக எண்ணி விரட்ட வேண்டாம். மாவுப்பூச்சி வந்தால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துவிட்டு, லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து தெளியுங்கள். இமிடாகுளோபிரிட் மாதிரி வேர் வழியாக ஏறும் மருந்து கூடவே கூடாது, அது பூந்தேனிலும் வந்து சேரும். நர்சரியில் ஏற்கெனவே ஊற்றியிருக்கலாம். புதுச் செடியின் முதல் பூக்களைக் கிள்ளிவிட்டால் ஓரளவு பாதுகாப்பு.

தரையில் இடமுள்ள தோட்ட வீட்டில் ஒரு முருங்கை, ஒரு வாழை, ஓர் அகத்தி இருந்தால் வேறு எதுவும் தேவைப்படாது. முருங்கை பூக்கும் நாட்களில் காலை முழுக்க இந்தக் குருவிகளின் சத்தம்தான்.

தண்ணீருக்குக் கொசப்பேட்டை மண் தட்டு ஒன்று போதும், இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம். பாதி இடத்தில் கூழாங்கல் போட்டுத் தினமும் நீரை மாற்றுங்கள். தேங்கவிட்டால் ஒரு வாரம் பத்து நாளில் கொசு பறக்கும், மாநகராட்சி ஆட்கள் வந்து கேட்பதும் நியாயம்தான். தேன்சிட்டு நனைந்த இலையில் உரசிக் குளிக்க விரும்பும், ஆகவே காலையில் செடிக்கு இலை நனையத் தண்ணீர் தெளித்தால் தட்டைவிட அதற்கே முதலில் வரும்.

செடி பிடித்துவிட்டால் அடுத்து கூடு வரலாம். சிலந்தி நூலால் இழைத்துக் கட்டிய சுருக்குப்பை, பக்கவாட்டில் வாசல், அதற்கு மேலே சின்னத் தாழ்வாரம். பெரும்பாலும் கொடிக்கம்பியிலோ தொங்கும் தொட்டியிலோதான் கட்டும். மூலையிலுள்ள ஒட்டடையை முழுக்கத் துடைத்துவிடாதீர்கள், கூட்டுக்கு நூல் அங்கிருந்துதான். குஞ்சுக்கு ஊட்டுவதும் சிலந்தியும் சிறு பூச்சியும், சர்க்கரைத் தண்ணீர் அல்ல. கூடு கட்டிய தொட்டியைக் குஞ்சு பறக்கும்வரை, சுமார் ஒரு மாதம், இடம் மாற்றக் கூடாது. முட்டையையும் கூட்டையும் கலைப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. அந்த ஒரு மாதமும் அதே கம்பியில் துணி காயப்போடாமல், பக்கத்தில் வேறொரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள்.