டயர் வாங்க பஞ்சிகாவத்தையா, ஒன்லைனா?

எங்கள் வேகன் ஆர் காரின் முன் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன. அளவு 155/65 ஆர் 14. கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் விலை கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து போனில் தேடினால், அதே டயர் ஒன்றுக்கு 2,000 ரூபா குறைவு. வெள்ளவத்தைக்கே கொண்டுவந்து தருவார்களாம். பிறகென்ன, ஓடர் பண்ணிவிட்டேன்.

வந்தது சரி. மாட்டுவது யார்? காரில் ஏற்றிக்கொண்டு மறுபடி டயர் கடைக்குத்தான் போகவேண்டியிருந்தது. கழற்றி மாட்ட ஒரு காசு, புது வால்வுக்கு ஒரு காசு, பேலன்சிங்குக்கு வேறு. அந்தக் கடையிலேயே வாங்கியிருந்தால் இதெல்லாம் டயர் விலையோடு போயிருக்கும். மிச்சம் பிடித்த 4,000 ரூபாவில் கடைசியில் கையில் நின்றது ஒரு கொத்து ரொட்டிக் காசு.

காசு போகட்டும். இரண்டு டயரையும் மாட்டி முடித்த பையன், ஒன்றின் பக்கவாட்டைத் துணியால் துடைத்து விரலை வைத்தான். "அண்ணா, இது 1421." டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கம் அது. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2021இன் 14ஆவது வாரத்தில் செய்தது. ஓடாமல் கிடந்தாலும் ரப்பருக்கு வயது போகும். இறுகிவிட்டால் மழை ரோட்டில் பிடிக்காது. விளம்பரப் படத்தில் தவாளிப்பெல்லாம் பளிச்சென்று தெரிந்தது, இந்த இலக்கம்தான் தெரியவில்லை. விற்றவருக்கு அழைத்தேன். மாட்டிய டயரைத் திருப்பி எடுக்கமாட்டார்களாம்.

கடைக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. முதலில் சொல்லும் விலை எப்போதும் கூடத்தான், பழைய சரக்கைத் தள்ளிவிடவும் பார்ப்பார்கள். ஆனால் காசு கொடுக்கமுன் டயரைப் புரட்டித் திகதி பார்க்கலாம், வேறு கொண்டுவா என்று சொல்லலாம். களனியில் தயாராகும் சியெட் போன்ற உள்ளூர் டயர்களில் புதுத் திகதி கிடைக்க வாய்ப்பும் அதிகம். அதிவேகப் பாதையில் ஸ்டியரிங் நடுங்கினால் அடுத்த நாளே போய் நிற்கலாம்.

ஒன்லைன் எனக்கு இப்போது பேரம் பேசத்தான். போன் திரையைக் காட்டினால் கடை விலை கொஞ்சம் இறங்கும். கடைகளில் கிடைக்காத அளவென்றால் ஓடர் பண்ணலாம், அதுவும் திகதி இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டு. 'ஜப்பானில் பாவித்தது' என்று வரும் விளம்பரங்களைத் திறந்தும் பார்ப்பதில்லை.

அந்தப் பையன் இன்னொன்றும் செய்தான். புதுசு இரண்டையும் பின்னால் போட்டு, பின்னால் இருந்ததை முன்னுக்கு மாற்றினான். மழையில் பின் சில்லு வழுக்கினால்தான் கார் சுழலுமாம். அப்படி முன்னுக்கு வந்த டயர்களிலும் இப்போது தவாளிப்பு, தேய்மான எல்லையைக் காட்ட அதற்குள் இருக்கும் 1.6 மில்லிமீற்றர் மேட்டை நெருங்கிவிட்டது. சனிக்கிழமை, வெயில் ஏறமுன் பஞ்சிகாவத்தைக்குப் போகவேண்டும்.